கடைசி நூறு வருகைகள்

திங்கள், ஜூன் 5

காலை எட்டு மணிக்கே அனல். கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயிலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் பீங்கான் கம்பெனி ஆபீஸில் ஃப்யூஸ் கட்டை பில் பதினாறு, ஊறுகாய் ஜாடி பில் மூன்று. பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. கணக்குப் பார்க்கும் ரமணி அக்கா மாம்பழ மஞ்சளில் புதுப் புடவை. நல்லாருக்குதா என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். நன்றாக இல்லை.

என் வலைத்தளத்துக்கு இன்று ஒரு வயது. பெயர் போடாமல் எழுதியது இருபத்தாறு கட்டுரை. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தின் அடியில், வருகிறவர்களை எண்ணும் எண்பெட்டி 2,347 காட்டுகிறது. அதில் ஆயிரம் நான் வைத்தது. எந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்க என்று கேட்டது, பூஜ்யம் என்று சொல்ல வெட்கம். மீதி 1,347. தினம் நாலு தடவையாவது நானே திறந்து பார்க்கிறேன். முந்நூற்று அறுபத்தைந்தை நாலால் பெருக்கிப் பார்த்தேன். விடை 1,347ஐத் தாண்டிவிட்டது.

கேக் வாங்கவில்லை.

செவ்வாய், ஜூன் 6

சாயங்காலம் சாதிக்கின் கடைக்குப் போனேன். மங்கலம்பேட்டைக்காரர். ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரை எனக்குப் பொருத்திக் கொடுத்தது இவர்தான். வலைத்தளம் வைத்திருக்கிறேன் என்பது தெரிந்த ஒரே ஆள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டதில்லை. ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

என் எண்பெட்டி பொய் சொல்கிறது, நல்லதாக ஒன்று வேண்டும் என்றேன். வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"எத்தினி பேரு வராங்கன்னு தெரியணுமா, யாரு வராங்கன்னு தெரியணுமாக்கா? ரெண்டும் வேற வேற."

எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும் என்றேன். பொய்.

மூன்று சொன்னார். எழுதி வைக்கிறேன்:

1. இப்போது இருப்பது மாதிரியே எண்பெட்டி, ஆனால் ஒரே ஆளை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எண்ணும்.

2. பெரிய கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுப்பது. வரைபடம், வட்டம், பட்டை, எண்பது அறிக்கை. இன்று வந்தவர் நாளைக்குத்தான் தெரிவார். கடை வைத்திருப்பவர்களுக்கு.

3. சின்னது. படம் கிடையாது, பட்டியல்தான். எந்த இணைப்பின் எண்ணிலிருந்து வந்தார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், என்ன விண்டோஸ், திரை எவ்வளவு அகலம். உடனுக்குடன். கடைசி நூறு வருகைதான் வைத்திருக்கும். நூற்றொன்று வந்தால் பழையதில் ஒன்று அழிந்துவிடும்.

நூறு பத்தாமப் போயிடும்க்கா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

புதன், ஜூன் 7

வெயில். அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் எல்லார் மேலும் கோபம்.

எதை வைப்பது? 1 வேண்டாம், அது மருத்துவமனைத் தராசு, எண்ணைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. 2ஐத் திறந்தேன், டயல்-அப்பில் முதல் பக்கம் வரவே ஏழு நிமிஷம். ஒரு வாசகரும் இல்லாதவளுக்கு எண்பது அறிக்கை எதற்கு? பூஜ்யத்தை எண்பது விதமாக வரைந்து காட்டும். 3 என்று முடிவு.

வியாழன், ஜூன் 8

காலையிலேயே கருவியின் நிரலைத் தளத்தில் ஒட்டினேன். முதல் தடவை பக்கம் முழுக்க வெள்ளை. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. இரண்டாம் தடவை சரி.

முதல் பட்டியல்: ஒன்பது வருகை. ஒன்பதும் நான். ஐந்து வீட்டிலிருந்து, நாலு ஆபீஸிலிருந்து. ஆபீஸ் இணைப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். "இந்தக் கணினியை எண்ணாதே" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கிளம்புமுன் வீட்டிலும், மத்தியானத்துக்குள் ஆபீஸிலும் அழுத்திவிட்டேன். இனிமேல் வருவது அடுத்தவர்தான்.

பட்டியல் காலி. சுத்தமாக இருந்தது.

சனி, ஜூன் 10

மூன்று நாளில் ஏழு.

நாலு எங்கோ அமெரிக்காவிலிருந்து, ஒரே நொடியில் நாலு பக்கம். மனசு குதித்தது. சாதிக்குக்கு ஃபோன். "அது ஆளு இல்லக்கா, மிஷினு. தேடுற கம்பெனியோட மிஷினு வந்து மோந்து பாத்துட்டுப் போவுது" என்றார்.

மீதி மூன்று. வியாழன் 1.21, வெள்ளி 1.19, இன்று 1.20. மூன்றும் ஒரே எண். மூன்றும் ஒரே பக்கம். குறைந்தது இருபது நிமிஷம்.

எண்ணைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ்.

ஞாயிறு, ஜூன் 11

வீட்டில். துவைத்தது, இட்லி மாவு, தலைக்கு எண்ணெய்.

அந்தப் பக்கம் எது என்று எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன். தலைப்பு "வைக்கோல் மாப்பிள்ளை". ஜனவரியில் எழுதியது.

எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்ப்பவர் பழனிவேல். ப.வே. என்றே எழுதுகிறேன். நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாய் திக்கும். ஜாடிக்கு நடுவே வைக்கோல் திணித்துப் பெட்டி கட்டும் இடத்திலேயே இருப்பதால் தலையில் எப்போதும் ஒரு துரும்பு. பொங்கல் முடிந்த வாரம் அவர் அக்கா வேப்பூரிலிருந்து வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பெண் கேட்டு. அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது: "உனக்கு முப்பத்தி மூணு ஆவுது. இனிமே இப்படித்தான் வருவாங்க."

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. சில வரிகள்:

"ஜாடிகளை உடையாமல் அனுப்பத் தெரிந்தவர். வார்த்தைகளை மட்டும் உடைத்து உடைத்துத்தான் அனுப்புவார்."

"பெண் கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல வேளை. தானே வந்து கேட்டிருந்தால், கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்திருக்கும்."

இருபத்தாறில் அதுதான் உருப்படி. இப்போது படித்தாலும் ஒரு வார்த்தை மாற்றத் தோன்றவில்லை.

திங்கள், ஜூன் 12

ஆபீஸில் கம்ப்யூட்டர் மூன்று. என்னுடையது, ரமணி அக்காவுடையது, இரண்டும் புதுசு, அகலத் திரை. மூன்றாவது குடோனில், பழைய விண்டோஸ் 98, சின்னத் திரை. பட்டியலில் இருப்பது 98, சின்னத் திரை.

சந்தேகம் வேண்டாம் என்று 1.25க்கு ஒரு பில்லை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். ப.வே. திரைக்கு முன்னால். சாப்பாட்டு டப்பா மூடினபடி. என்னைப் பார்த்ததும் சரக்குப் பட்டியலுக்கு மாற்றினார். காது மட்டும் சிவந்திருந்தது. பில்லைக் கொடுத்தேன். ச-சரிங்க என்றார்.

திரும்பி வந்து பார்த்தேன். வெளியேறிய நேரம் 1.26.

வெட்கம் வர வேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. வந்தது என்ன என்று நேர்மையாக எழுதினால்: சந்தோஷம். எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார்.

செவ்வாய், ஜூன் 13

அவருக்கு எப்படி முகவரி கிடைத்தது என்று நாள் முழுக்க யோசனை. மத்தியானம் பிடிபட்டது. பிப்ரவரியில் என் கம்ப்யூட்டர் மூன்று நாள் ரிப்பேர். குடோன் மிஷினில் வேலை பார்த்தேன், நடுநடுவே என் தளத்தையும் திறந்தேன். அது முகவரியை ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது.

அப்படியென்றால் நாலு மாதமாக. அந்த 1,347இல் பாதி அவராக இருக்கலாம்.

நாலு மாதமாகத் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறார்.

புதன், ஜூன் 14

புதுக் கட்டுரை போட்டேன், இதுவும் ப.வே.யைப் பற்றி. "சட்டைப்பையில் ஒரு சீப்பு". வழுக்கை விழுந்த பிறகும் சீப்பைக் கைவிடாத மனிதர், செத்த மாட்டுக்குத் தினமும் புல் அறுப்பவர் என்று போகிறது. ஒரே மூச்சில் வந்தது. இவ்வளவு சுலபமாக நான் எழுதியதே இல்லை. யார் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால் கை ஓடுகிறது.

1.22க்கு வந்தார். அதையே பதினோரு தடவை திறந்திருக்கிறார்.

வெள்ளி, ஜூன் 16

ப.வே. பையில் சீப்பு இல்லை.

நன்றாகப் பார்த்தேன். பேனா மட்டும்.

திங்கள், ஜூன் 19

காற்று. மழை மாதிரி இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போனது.

சனிக்கிழமை போட்டது டீயைப் பற்றி. அவர் உறிஞ்சும் சத்தத்தில் குடோன் எலிகள் காலி செய்துவிட்டுப் போனதாக. இன்று பதினோரு மணி டீக்கு எல்லாரும் வந்தார்கள், அவர் வரவில்லை. ரமணி அக்கா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். வ-வயிறு சரியில்லைங்க என்றாராம்.

ஒரு வாக்கியம் எழுதினால் ஒரு மனிதன் ஒரு பழக்கத்தை விட்டுவிடுகிறான். எனக்கு இதற்கு முன்னால் யாரும் இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை. அம்மா இல்லை, தம்பி இல்லை, வீட்டுப் பூனைகூட இல்லை.

நிறுத்தலாம் என்றும் தோன்றியது. எழுதி வைக்கிறேன், தோன்றியது.

புதன், ஜூன் 21

நிறுத்தவில்லை. "லாரிக்குப் பின்னால்" போட்டேன். அதிலிருந்து:

"லாரி ரிவர்ஸில் பின்னால் வரும்போது 'நிறுத்து' என்று ஆரம்பிப்பார். 'நி' குடோன் வாசலில். 'று' வருவதற்குள் லாரி வேப்பூர் தாண்டியிருக்கும்."

1.20க்கு வந்தார். நாற்பது நிமிஷம். சாப்பிட்டாரா தெரியாது.

வெள்ளி, ஜூன் 23

நேற்றும் இன்றும் லாரி வரும்போது ப.வே. ஒரு விசில் ஊதினார். கடையில் விற்குமே, சிவப்புக் கயிறு கட்டின பிளாஸ்டிக் விசில். லோடு ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். "கண்டக்டரு, ரைட்டு போலாமா" என்று ஒருத்தன். மத்தியானம் முதலாளி கூப்பிட்டு, இது என்ன திருவிழாவா என்று கேட்டிருக்கிறார். விசில் போய்விட்டது.

ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். விசிலைப் பற்றி நாலு வரி மனசிலேயே ஓடியது. நல்ல வரிகள்.

திங்கள், ஜூன் 26

நடந்தது காலை பத்தே முக்காலுக்கு. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. லோடு வேலை பார்க்கும் செல்வி, சரக்கு ஏற்றும் மேடைக்கு முன்னால் குனிந்து சிந்தின வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தாள். டிரைவருக்குத் தெரியாத இடம். ப.வே. பத்தடி தள்ளி. அவர் பார்த்தார். நான் மாடி ஜன்னலில் இருந்தேன், அவர் முகம் எனக்கு நேராக. வாய் திறந்தது. மூடினது. கத்தவில்லை. ஓடினார். செல்வியை ஒரு கையால் தள்ளினார். இன்னொரு கையால் லாரியின் பின்பலகையைப் படபடவென்று தட்டினார். பலகைக்கும் மேடைக்கும் நடுவே அந்தக் கை.

சத்தம் அப்போதுதான் வந்தது. அதில் திக்கல் இல்லை.

வலது கை. சுண்டு விரலும் அடுத்ததும். இங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் பாண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். செல்விக்கு முழங்கையில் சிராய்ப்பு.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில். எல்லாரிடமும் அதையே சொன்னார். "ஒரு சத்தம் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே. ஏன் சத்தம் குடுக்கல? வாயிருக்குது இல்ல?"

ரமணி அக்கா, பதட்டத்துல வரலப்பா என்றாள். நான் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது பட்டியலைத் திறந்தது. இன்று வருகை: பூஜ்யம். ஏன் வரவில்லை என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

புதன், ஜூன் 28

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்களாம்.

சீப்பு, டீ, லாரி, மூன்றையும் அழித்தேன். "வைக்கோல் மாப்பிள்ளை"யை அழிக்கவில்லை. அது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம், அது நன்றாக இருக்கிறது.

அம்மா கேட்டாள், என்னடி சோறு எறங்கலையா என்று. இறங்கியது. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு, ஜூலை 9

ரமணி அக்காவோடு ப.வே. வீட்டுக்கு. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு, ஒரே அறை. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனோம். வேப்பூர் அக்கா வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். என்னை அடையாளம் தெரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆகி, வாம்மா என்றாள். காப்பி போட உள்ளே போனாள். ரமணி அக்காவும் பேச்சுக்குத் துணையாகப் பின்னாலேயே.

அவர் கட்டிலில். கை வெள்ளை உருண்டை. தலையில் துரும்பு இல்லை, அதனால் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

வலிக்குதா என்று கேட்டேன். இல்லைங்க என்றார்.

"அந்த மா-மாப்பிள்ள கட்டுரைங்க" என்றார்.

எந்தக் கட்டுரை என்று கேட்கத்தான் வாய் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

"அதுல ஒ-ஒண்ணு தப்பா இருக்குதுங்க. எங்கக்கா உங்க வூட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. நா-நான் அனுப்பல. அதப் படிச்சுத்தான் எனக்கே தெ-தெரிஞ்சுது. அத மட்டும் மாத்திடுங்க."

மற்றதெல்லாம் என்று கேட்டேன்.

"மத்தது எல்லாம் ச-சரியாத்தானங்க இருக்குது."

காப்பி வந்தது. சர்க்கரை அதிகம். குடித்தோம். ரமணி அக்கா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். போயிட்டு வரேங்க என்றேன். தலையசைத்தார்.

தினமும் எதற்குப் படித்தார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், நான் காத்திருந்து கேட்க வேண்டியிருந்திருக்கும்.

இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். பஸ்ஸில் நான் நினைத்தது அவர் விரலை அல்ல. அவர் என்னைக் கேட்கவே இல்லை என்பதை. என்னைக் கேட்காத ஒருத்தரை ஆறு மாதமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் எரிந்தது.

திங்கள், ஜூலை 10

மழை, கால் மணி நேரம். மண் வாசனைகூட முழுசாக வரவில்லை.

வரியை மாற்ற உட்கார்ந்தேன். பழக்கத்தில் முதலில் பட்டியலைத் திறந்தேன். நூறு. முழு நூறு. புதுப்பித்தேன், வேறு நூறு. துபாய், சிங்கப்பூர், சென்னை, கனடா. எல்லாரும் ஒரே பக்கத்துக்கு.

எங்கிருந்து வருகிறார்கள் என்றும் அதே கருவி காட்டியது. தமிழில் அரட்டை அடிக்கும் தளம் ஒன்று. யாரோ ஒருவர் "வைக்கோல் மாப்பிள்ளை"யை அப்படியே எடுத்துப் போட்டு, அடியில் என் முகவரியைக் கொடுத்திருக்கிறார். தலைப்பு: சிரித்து வயிறு புண்ணானால் நான் பொறுப்பல்ல. கீழே எழுபது பேர். அறுபதாம் கல்யாணம் அருமை என்று அதில் பாதிப்பேர்.

உட்கார்ந்து எழுபதையும் படித்தேன். இரண்டு தடவை. ஒருவர் எழுதியிருந்தார், இந்தப் பெண் யாரோ, கையில் சரஸ்வதி என்று. அதை மூன்று தடவை.

கடைசியில்தான் ஞாபகம் வந்து ப.வே.யின் வருகைகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. புது ஆட்கள் வந்ததில் பழையதெல்லாம் அழிந்துவிட்டது.

செவ்வாய், ஜூலை 11

மாற்றினேன். "பெண் கேட்டு ஆள் அனுப்பினார்" என்பதை "அவருக்குத் தெரியாமல் அவர் அக்கா வந்து கேட்டாள்" என்று. மாற்றின பிறகு அடுத்த வரி நொண்டியது. அவர் கேட்கவே இல்லை என்றால் அறுபதாம் கல்யாணம் எங்கே வரும்? அதையும் எடுத்தேன். எடுத்த பிறகு, கட்டுரையில் திக்குவாய் உள்ள ஒருவர் ஒழுங்காக வேலை செய்கிறார். அவ்வளவுதான் மிச்சம்.

அந்த அரட்டைத் தளத்து ஆளுக்கும் மின்னஞ்சல் எழுதினேன். ஒரு வரி தவறு, தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

வியாழன், ஜூலை 13

பதில் வந்தது. மரியாதையான ஆள். "சகோதரி, அந்த வரியை எடுத்தால் அப்புறம் சிரிக்க என்ன இருக்கிறது? உங்கள் தளத்தில் இருக்கும் புது வடிவம் அவ்வளவாக எடுபடவில்லை. பழையதே இருக்கட்டும். மெயிலில் வேறு நிறையப் பேர் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள்."

மெயிலில் போவதை என் கருவி எண்ணாது. அந்தத் தளத்தில் படிப்பவர்களையும் எண்ணாது. சாதிக்கிடம் போய், அதையெல்லாம் எண்ண ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அது முடியாதுக்கா, வெளிய போனது போனதுதான் என்றார்.

என் பக்கத்துக்கு இன்று ஐந்து பேர். நாலு மிஷின்.

திங்கள், ஜூலை 17

புழுக்கம். ஃப்யூஸ் கட்டை பில் இருபது.

ப.வே. வேலைக்கு வந்துவிட்டார். குடோனில் இல்லை. அந்தக் கையோடு பெட்டி கட்ட முடியாது என்று முதலாளி கேட் ரிஜிஸ்தருக்கு மாற்றிவிட்டார். வாசலில் ஸ்டூல், ஒரு நோட்டு. வருகிற வண்டி, போகிற வண்டி. இடது கையால் எழுதுகிறார். ஒரு வண்டி எண் எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆகிறது. டிரைவர்கள் என்ஜினை அணைத்துவிடுகிறார்கள்.

காலையில் உள்ளே போகும்போது எழுந்து நின்றார்.

"மா-மாத்திட்டீங்களாங்க?"

மாத்திட்டேன் என்றேன்.

"எல்லா எ-எடத்துலயும்?"

எல்லா இடத்திலும் என்றேன்.

சரிங்க என்று உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. நான் அதைப் பார்க்காத மாதிரி படியேறிவிட்டேன்.

மூன்று மணிக்கு ரமணி அக்கா என் மேஜைக்கு வந்தாள். கையில் நாலு காகிதம். சென்னையில் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா பையன் மெயிலில் அனுப்பினானாம், அச்செடுத்திருக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"உமா, இதப் படியேன். யாரோ ஒருத்தி எழுதியிருக்கா. அப்படியே நம்ம பழனிவேலு மாதிரியே இருக்குது. அதே திக்கல், அதே வைக்கோலு. பாவம், கையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு, அவருகிட்ட காட்டினா கொஞ்சம் சிரிப்பாரு இல்ல?"

முதல் காகிதத்தின் நடுவில் அந்த வரி. பழையபடி.

வேணாம்க்கா என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாலும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான் தேடி முடிப்பதற்குள் அவள் கீழே இறங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வந்தேன். வெயிலுக்குக் காகிதத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். ப.வே. நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவள் முற்றத்தில் பாதி தூரம் போகிறவரை கூப்பிட நேரம் இருந்தது.